சதுரக் கொப்பியில் ஐஸ் ஹொக்கி: அணி ஏன் வெல்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

இலங்கையின் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பகுதியில் உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். என் அக்கா மகன் டொரன்டோவில் வளர்கிறான். அவன் உயிராய் நேசிக்கும் மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணி 1967க்குப் பிறகு லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கிண்ணத்தை வென்றதில்லை. "எங்கே பிழை, சித்தி?" என்று அவன் கேட்ட நாளில்தான் இந்தக் கணக்கில் இறங்கினேன். இதற்கு ஒரு சதுரக் கொப்பியும் கல்குலேட்டரும் போதும்.

முதலில் எதை வெற்றி என்று எண்ணப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் 32 அணிகள். பருவத்துக்கு ஓர் அணி 82 ஆட்டங்கள் ஆடும். வென்றால் 2 புள்ளிகள். மேலதிக நேரத்தில் தோற்றவருக்கும் 1 புள்ளி உண்டு. ஆகவே சில ஆட்டங்கள் மொத்தம் 2 புள்ளிகளையும், சில 3 புள்ளிகளையும் வழங்குகின்றன. நீளம் மாறும் அடிமட்டத்தால் அளக்கக் கூடாது. புள்ளிகளை விட்டுவிட்டு, போட்ட கோல்களையும் வாங்கிய கோல்களையும் எழுதுங்கள்.

ஒரு அணியைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2022–23 பருவத்தில் பொஸ்டன் புரூயின்ஸ் போட்டது 305 கோல்கள், வாங்கியது 177. இரண்டையும் வர்க்கியுங்கள்: 93,025, 31,329. முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.748. அதை 82ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 61 வெற்றிகள். உண்மையில் அவர்கள் வென்றது 65. அது லீக்கின் சாதனை. பேஸ்போலுக்காகப் புள்ளிவிபர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் உருவாக்கிய இந்தச் சூத்திரம் ஹொக்கிக்கும் நன்றாகவே பொருந்துகிறது. மிஞ்சிய நான்கு வெற்றிகளுக்கு உடனே காரணம் தேடாதீர்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்கள் எந்தப் பக்கமும் சாயும்.

இங்கேயே நின்றுவிடுவதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய பிழை. கோல் வித்தியாசத்துக்கும் வெற்றிக்கும் இணைபுக் குணகம் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு, உச்சம் 1) கண்டால் 1க்கு அருகில் வரும். வராமல் எப்படி இருக்கும்? கோல்தானே வெற்றி. கோலுக்கு முன்னால் நடப்பதைத்தான் நாம் எண்ண வேண்டும்: இலக்குக்குச் சென்ற அடி, விலகிப்போன அடி, எதிரணி மறித்த அடி. இம்மூன்றின் கூட்டுத்தொகையை கோர்சி என்பார்கள். கோல்காப்பாளர் பயிற்றுநர் ஜிம் கோர்சியின் பெயர். ஓர் ஆட்டத்தின் மொத்த அடிகளில் உங்கள் அணியின் பங்கு எத்தனை வீதம் என்று எழுதுங்கள்.

எழுதியதை அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்கள் அம்மா கொழுந்து பறித்த காலத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டிய கிலோவைத்தான் அவருடைய திறமையாக எழுதினார்கள். ஒரு மாதம் கவ்வாத்து வெட்டித் துளிர்த்துக்கொண்டிருந்த மலையில் அவரை விட்டார்கள். அதே கை, அதே வேகம், கூடையில் பாதிதான். அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. அன்று இரவு லயத்து வாசலில் விரல் நுனிகளின் கறையைத் தேய்த்தபடி அவர் ஒன்றும் பேசாமல் இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மலையை எழுதாமல் கிலோவை மட்டும் எழுதுவது அநியாயம்.

ஹொக்கியிலும் அந்த மலை உண்டு. பின்தங்கிய அணி ஆபத்தை ஏற்று முன்னேறி அடித்துக்கொண்டே இருக்கும். முந்திய அணி பின்வாங்கிக் காக்கும். முழு ஆட்டத்தையும் கூட்டினால் தோற்ற அணியே சிறந்த அணி போலத் தெரியலாம். ஆகவே கோல்கள் சமமாக இருந்த நேரத்தில், இரு பக்கமும் ஐந்து ஐந்து பேர் ஆடிய வேளையின் அடிகளை மட்டும் தனியே எடுங்கள். தண்டனையால் ஒருவர் 2 நிமிடம் வெளியே இருக்கும்போது நடந்ததை வேறு நிரலில் வையுங்கள்.

அடுத்தது அதிர்ஷ்டத்தைப் பிரித்தறிவது. இலக்குக்குச் சென்ற அடிகளில் கோலானவற்றின் வீதத்தையும், உங்கள் கோல்காப்பாளர் தடுத்தவற்றின் வீதத்தையும் கூட்டுங்கள். நீங்கள் 30 அடித்து 3 கோல் போட்டால் 10 வீதம். எதிரணிக் காப்பாளர் தடுத்தது 90 வீதம். ஒருவருடைய கோல் இன்னொருவருடைய தவறல் என்பதால், லீக் முழுவதற்கும் கூட்டுத்தொகை 100தான். பருவத்தின் பாதியில் 103இல் நிற்கும் அணி பெரும்பாலும் கீழே இறங்கும். மிகச் சிறந்த காப்பாளர் இருந்தால் சற்று மேலேயே நிற்கலாம். அதை விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாக, நான் எல்லாவற்றிலும் அதிகம் நம்பும் சோதனை. கொப்பியின் இடப்பக்கத்தில் முதல் 41 ஆட்டங்களின் விபரம், வலப்பக்கத்தில் மிகுதி 41. இடப்பக்கத்து ஒவ்வொரு நிரலுக்கும் வலப்பக்கத்துக் கோல் வித்தியாசத்துக்கும் சிதறல் வரைபு வரையுங்கள், அணிக்கு ஒன்றாக 32 புள்ளிகள். எந்த நிரலில் புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி நிற்கின்றனவோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோலாகும் வீதம் இங்கே பெரும்பாலும் சிதறிப்போகும். அடிகளின் பங்கு அதைவிடத் தாக்குப்பிடிக்கும்.

பருவம் முடிந்து கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் சுற்றுகளின் முடிவை வைத்து மட்டும் இந்தச் சோதனையை நடத்தாதீர்கள். 65 ஆட்டங்கள் வென்ற அதே பொஸ்டன், முதற் சுற்றில் புளோரிடா பாந்தர்ஸிடம் 7 ஆட்டங்களில் தோற்று வெளியேறியது. ஏழு ஆட்டங்கள் 82 ஆட்டங்களை மறுக்கப் போதாது.

என் வகுப்பில் வலப்பக்கத்தை மடித்து ஊசி குத்தி வைக்கச் சொல்கிறேன். இடப்பக்கத்தைப் பார்த்து 32 அணிகளின் வரிசையையும் பேனாவால் எழுதிய பிறகுதான் ஊசியைக் கழற்றலாம்.