ரெண்டு பஞ்சாயத்து சேர்ந்து ஒரு கண்மாயை இயற்கைப் பூங்காவா ஆக்கணும்னா எங்க ஆரம்பிக்கணும்

மதுரை, சிவகங்கை பக்கம் பாசன ஏரியத்தான் கண்மாய்னு சொல்றோம், நிறைய கண்மாய்க்கு கரை ஒரு பஞ்சாயத்துல இருக்கும், தண்ணி வர்ற வாய்க்கால் பக்கத்து பஞ்சாயத்துல இருக்கும். இதுல ஒரு ஊர் மட்டும் தனியா மரம் நட்டு போர்டு வச்சா ரெண்டு வருஷம் தாங்காது, மேல இருக்குற ஊர்க்காரங்க வரத்து வாய்க்கால்ல குப்பை கொட்டுனா கீழ நீங்க என்ன பண்ணியும் பிரயோஜனமில்ல. அதனால ரெண்டு ஊரும் சேர்ந்துதான் செய்யணும், அதுவும் முதல்ல பேப்பர்ல சேரணும்.

முதல் வேலை நிலம் யாருதுன்னு பாக்குறது. அரசோட "எங்கிருந்தும் எந்நேரமும்" சைட்ல சர்வே நம்பர் போட்டு அ-பதிவேடும் (நிலம் யார் பேர்ல, என்ன வகைன்னு காட்டுற பதிவேடு) புலப்படமும் (நிலத்தோட அளவு வரைபடம்) எடுத்துக்கோங்க, அப்புறம் ரெண்டு ஊர் விஏஓவையும் ஒரே நாள்ல வரச்சொல்லி எல்லையை நடந்தே பாருங்க. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணி பாயுற வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா கண்மாய் பெரும்பாலும் நீர்வளத்துறை கையில, அதுக்கு கீழன்னா ஊராட்சி ஒன்றியம், பக்கத்துல இருக்குற மலையோ காடோ வனத்துறைதுன்னா அதுக்கு தனி அனுமதி. யாரோட நிலம்னு தெரியாம பாதை போட ஆரம்பிச்சா பாதியில நின்னுரும்.

அடுத்தது கிராம சபை. வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதுல ஏதாவது ஒரு தேதிய ரெண்டு ஊரும் பேசி வச்சுக்கிட்டு ஒரே நாள்ல, ஒரே வாசகத்துல தீர்மானம் போடணும். இத நான் அழுத்திச் சொல்றேன். ஒரு ஊர் தீர்மானத்துல "பறவைகள் பாதுகாப்பு"ன்னும் இன்னொரு ஊர்ல "சுற்றுலா மேம்பாடு"ன்னும் இருந்தா நாளைக்கு படகு விடலாமா வேணாமான்னு சண்டை வர்றப்போ ரெண்டு பேரும் அவங்கவங்க பேப்பர தூக்கிட்டு வருவாங்க. ஆடு மாடு எந்தப் பக்கம் மேயலாம், கரம்பை (கண்மாய் வண்டல் மண்) யார் எந்த மாசம் அள்ளலாம், விறகு யாருக்கு, இதெல்லாம் கூட அந்த தீர்மானத்துலயே எழுதிருங்க, மேய்க்கிறவங்கள கூப்பிட்டு உக்கார வச்சு அவங்க சொல்றதக் கேட்டுட்டு எழுதுங்க. அவங்கள விட்டுட்டு போட்ட வேலி எங்கயும் நிக்காது.

தீர்மானத்துக்கு என்ன பலம் இருக்குன்னு பாக்கணும்னா மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் அரிட்டாபட்டிய பாருங்க. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம்னு ரெண்டு ஊர் நிலத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரிய தலமா அறிவிச்சாங்க, லகர் வல்லூறு, எறும்புத்தின்னி, தேவாங்குன்னு அங்க இருக்குற உயிருங்க கொஞ்ச நஞ்சமில்ல. 2024 கடைசில டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்தப் பகுதிய ஏலம் விட்டப்போ சுத்துப்பட்டு ஊரெல்லாம் கிராம சபை தீர்மானம் போட்டு ரோட்டுக்கு வந்து நின்னாங்க, 2025 ஜனவரில மத்திய அரசு ஏலத்தையே ரத்து பண்ணுச்சு.

கமிட்டிக்கு வருவோம். ரெண்டு உள்ளாட்சி சேர்ந்து கூட்டுக்குழு வைக்க ஊராட்சி சட்டத்துலயே வழி இருக்கு, பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) மூலமா கலெக்டருக்கு எழுதுங்க, ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் அவர்தான். 2002 பல்லுயிர் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், ரெண்டு ஊர் குழுவும் சேர்ந்து, ஊர்ல என்னென்ன உயிரினம் இருக்குன்னு குறிச்சு வைக்கிற மக்கள் பல்லுயிர் பதிவேட்ட எழுதட்டும், பள்ளிக்கூட பிள்ளைங்களையும் வயசானவங்களையும் சேர்த்துக்கிட்டா மீன் பேர், செடி பேரெல்லாம் தானா வந்து விழும். தலைவர்கள மட்டும் நம்பி கமிட்டி போடாதீங்க, பதவிக்காலம் முடிஞ்சு அரசு போடுற தனி அலுவலர் வந்துட்டா எல்லாம் அப்படியே நின்னு போகுது, அதனால பாசன விவசாயி, மகளிர் குழு, ஆடு மேய்க்கிறவங்கன்னு பாதிக்கு மேல ஊர் ஆளுங்க இருக்கட்டும்.

இப்போ பணம், நிஜமான சண்டை இங்கதான். கண்மாய்ல வருமானம்னா மீன் பாசி ஏலமும் (மீன் பிடிக்கிற உரிமைய விடுற ஏலம்) மர ஏலமும்தான். ஏலம் எடுத்தவர் மீன் பிடிக்கிறதுக்காக மடையத் திறந்து தண்ணிய வத்த வச்சாருன்னா அதே நேரம் நாட்டுக்கருவேல மரத்துல நத்தைகுத்தி நாரை குஞ்சுங்க வாயத் திறந்துட்டு உக்காந்திருக்கும், தாய்ப்பறவைக்கு கிட்டத்துல இரை கிடைக்காது, குஞ்சு பசியில கீழ விழுந்து சாகும். அதனால ஏல நிபந்தனையிலயே ரெண்டு விஷயம் வரணும், குஞ்சு பறக்குற வரைக்கும் மீன்பிடி கிடையாது, குறைஞ்சபட்சம் இவ்வளவு தண்ணி நிக்கணும்னு ஒரு அளவுகல் நட்டு அதுல கோடு போடணும். ஏலம் எந்தத்துறை விடுதோ அவங்ககிட்ட இத முன்கூட்டியே எழுத்துல கொடுங்க. ஏலத்தொகை கொறையத்தான் செய்யும், அந்த நஷ்டத்த ரெண்டு ஊரும் எப்படிப் பிரிச்சுக்கறதுன்னு அன்னைக்கே பேசிருங்க. பூங்கா பணத்துக்கு தனி கணக்கு, ஊருக்கு ஒரு கையெழுத்து, வரவு செலவு ரெண்டு கிராம சபையிலயும் வாசிக்கணும்.

சீமைக்கருவேலத்த எடுக்குறப்போ ஒரே அடியா எடுக்காதீங்க, கூடு இருக்குற மரத்த விட்டுட்டு பகுதி பகுதியா எடுத்து, அந்த இடத்துல நாட்டுக்கருவேலம், நீர்மருது வைங்க. கரை மேல பேவர் பிளாக், கலர் லைட், செல்ஃபி பாயிண்ட் எதுவும் வேணாம். மண் பாதை, நிழல்ல ரெண்டு திண்ணை, ஒரு கழிப்பறை, தூரத்துல வண்டி நிறுத்த இடம் போதும். சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்த ஒட்டி இருக்குற கொள்ளுக்குடிபட்டில தீபாவளிக்கு வெடி போடுறதில்ல, அங்க அந்த ஊர் மக்கள்தான் பறவைக்குக் காவல்.

வரைவு தீர்மானம் ரெடியானதும் கிராம சபைக்கு பதினைஞ்சு நாள் முன்னாடியே ரெண்டு ஊர் டீக்கடையிலயும் ரேஷன் கடையிலயும் ஒட்டிருங்க, எதிர்ப்பு சொல்றவங்க பேர், காரணம் ரெண்டையும் குறிச்சு வச்சுக்கிட்டு அவங்க வீட்டுக்கே போய் பேசிட்டு அப்புறம் கூட்டத்துக்கு போங்க.