மைன்கிராஃப்டில் மாப்கள் எங்கிருந்து வருகின்றன? புதியவர்களுக்குப் படிப்படியாக

மாப் என்றால் விளையாட்டில் தானாக நடமாடும் எதிரிகளும் விலங்குகளும். மைன்கிராஃப்ட் ஆடத் தொடங்கிய எல்லோரும் முதல் மாதத்திலேயே மூன்று கேள்விகள் கேட்பார்கள். வீட்டைச் சுற்றி டார்ச் நட்ட பிறகும் கூரையிலிருந்து கிரீப்பர் (பக்கத்தில் வந்து வெடிக்கும் பச்சை எதிரி) குதிக்கிறதே, எப்படி? பக்கத்தில் நின்ற மாடுகளை வெட்டித் தின்றாயிற்று, புதிதாக ஒன்றுகூட ஏன் வரவில்லை? யூடியூபில் பார்த்து அப்படியே கட்டிய மாப் ஃபார்ம் (மாப்களை வரவழைத்துக் கொன்று பொருள் சேர்க்கும் கட்டடம்) ஏன் ஈ ஓட்டுகிறது?

மூன்றுக்கும் பதில் ஒரே கணக்கில் இருக்கிறது. இருட்டு அந்தக் கணக்கில் ஒரு பகுதிதான். நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள், இப்போது மொத்தம் எத்தனை தலை உயிரோடு இருக்கிறது என்ற இரண்டும் அதைவிடப் பெரிய பகுதி.

இங்கே சொல்வதெல்லாம் கம்ப்யூட்டரில் ஆடும் ஜாவா எடிஷனுக்கு, 1.18 பதிப்பும் அதற்குப் பின் வந்தவையும். போனில் ஆடும் பெட்ராக் எடிஷனில் எண்கள் வேறு. அதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்கிறேன்.

படி 1: எஃப்3 அழுத்திப் பழகுங்கள்

கிரியேட்டிவ் மோடில் (பறக்கவும் சாகாமல் சோதிக்கவும் முடிகிற முறை) புது உலகம் ஒன்றைத் திறந்து எஃப்3 அழுத்துங்கள். திரை முழுக்க எழுத்தாக வரும், மிரள வேண்டாம். நமக்கு வேண்டியது இரண்டே வரி.

ஒன்று, வெளிச்சத்தைச் சொல்லும் வரி. அதில் வான வெளிச்சம் தனியாகவும், டார்ச், லாவா போன்ற பிளாக்குகளின் வெளிச்சம் தனியாகவும் 0 முதல் 15 வரை எண்ணாக இருக்கும். இன்னொன்று, எஸ்சி என்று தொடங்கும் வரி. அதில் முதலில் வரும் எம் என்பது இப்போது உயிரோடு இருக்கும் எதிரி மாப்களின் எண்ணிக்கை. அடுத்து வரும் சி என்பது ஆடு, மாடு வகையறா. இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் ஃபார்ம் கட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டுவதுதான்.

படி 2: மூன்று வட்டங்களை மனதில் வரையுங்கள்

உங்களை நடுவில் வைத்து மூன்று தூரங்களை நினைவில் வையுங்கள்: 24, 32, 128 பிளாக்.

24 பிளாக்குக்குள் எந்த மாப்பும் இயல்பாக ஸ்பான் ஆகாது, அதாவது புதிதாகத் தோன்றாது. இருட்டறை கட்டிவிட்டு வாசலிலேயே வாளோடு காத்திருப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காததன் காரணம் இதுதான். 24க்கும் 128க்கும் நடுவில்தான் புதிய மாப்கள் வரும். 128ஐத் தாண்டிய எதிரி மாப் அந்த நொடியே மறைந்துவிடும். 32க்கு அப்பால் கொஞ்ச நேரம் சும்மா நிற்பதும் ஒன்றொன்றாக மறையத் தொடங்கும். 32க்குள் இருப்பது மறையாது. காலையில் வாசலில் கிரீப்பர் நிற்பது இதனால்தான்: வெயிலில் ஸோம்பியும் எலும்புக்கூடும் எரிந்துபோகும், கிரீப்பர் எரியாது, நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்ததால் அது மறையவும் இல்லை.

இதை நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். சமவெளியில் இரவு நேரத்தில் எம் எண்ணைக் கவனியுங்கள், ஏறிக்கொண்டே போகும். இப்போது நேராக மேலே பறந்து ஒய் அளவு (எஃப்3 திரையில் தெரியும் உயர எண்) 200ஐத் தாண்டுங்கள். தரை 64க்குப் பக்கத்தில் இருந்தால், கீழே உள்ள அத்தனையும் உங்களிடமிருந்து 128க்கு மேல் தள்ளிப் போய்விட்டது. எம் சட்டென்று 0 ஆகும். கீழே இறங்கினால் மறுபடி முதலிலிருந்து ஏறும். இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

படி 3: 70 என்ற உச்சவரம்பு

தனியாக ஆடும்போது எதிரி மாப்களுக்கான உச்சவரம்பு 70. எண் அதைத் தொட்டதும் புதிதாக எதுவும் வராது. கூட்டமாக வருவதால் ஓரிரண்டு கூடுதலாகத் தெரியலாம். ஒன்று செத்தாலோ மறைந்தாலோதான் அடுத்ததற்கு இடம். 70 இலை போட்ட பந்தி அது. உங்கள் காலுக்குக் கீழே உள்ள குகைகளில் இருப்பவை முதலில் உட்கார்ந்துவிட்டால் உங்கள் ஃபார்முக்கு இலை கிடையாது. தரைமட்டத்தில் கட்டிய ஃபார்ம் காலியாகக் கிடப்பதற்கு பத்தில் ஒன்பது தடவை இதுவே காரணம். ஃபார்மின் வடிவத்தைக் குறை சொல்லி இடித்துக் கட்டுவது வீண் வேலை.

இடம் எப்படித் தேர்வாகிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. விளையாட்டு நொடிக்கு 20 டிக் ஓடும். ஒவ்வொரு டிக்கிலும் உங்களைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சங்க்கிலும், அதாவது 16க்கு 16 பிளாக் கொண்ட சதுரத்தில், ஏதோ ஒரு புள்ளி குலுக்கலில் எடுக்கப்படும். உயரமும் குலுக்கல்தான்: உலகின் அடிமட்டமான மைனஸ் 64 முதல் அந்தப் புள்ளியில் உள்ள மிக உயரமான பிளாக் வரை எதுவாகவும் இருக்கலாம். விழுந்தது கல்லுக்குள் என்றால் அந்த முயற்சி அதோடு சரி. காலியிடம் என்றால் அதைச் சுற்றி அதே உயரத்தில் கூட்டமாக இறக்கப் பார்க்கும். ஸோம்பி என்றால் ஒரு கூட்டத்தில் 4 வரை. குகையில் எலும்புக்கூடுகள் ஜோடி ஜோடியாக நிற்பதும் இதனால்தான்.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாகவே புரியும். கட்டடம் உயர உயர, குலுக்கல் அதன் தளத்தில் வந்து விழும் வாய்ப்பு குறையும். ஆனால் உயரத்தில் கட்டினால் குகைகள் 128க்கு வெளியே போய்விடும். இரண்டில் எது லாபம்? புதியவர்களுக்கு சந்தேகமே வேண்டாம், உயரம்தான். கீழே உள்ள குகை ஒவ்வொன்றிலும் இறங்கி டார்ச் நடும் பொறுமை முதல் உலகத்தில் யாருக்கும் இருக்காது.

படி 4: டார்ச் கணக்கு

1.18க்கு முன்பு வெளிச்சம் 7 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே எதிரி மாப் வரும். 2021 நவம்பரில் வந்த 1.18 இதை மாற்றியது: மேலுலகில் (ஓவர்வேர்ல்ட், நீங்கள் ஆட்டம் தொடங்கும் வழக்கமான உலகம்) பிளாக் வெளிச்சம் 0 ஆக இருந்தால் மட்டுமே வரும். பழைய வீடியோக்களில் டார்ச்சை நெருக்கி நெருக்கி நடுவதைப் பார்த்து நிலக்கரியை வீணாக்காதீர்கள்.

டார்ச்சின் வெளிச்சம் 14. ஒரு பிளாக் தள்ளிப் போனால் 1 குறையும், குறுக்காகப் போனால் இரண்டு திசையையும் கூட்டி எண்ண வேண்டும். அதாவது 13 பிளாக் தூரம் வரை வெளிச்சம் 1 ஆவது இருக்கும், 14ஆவதில் 0. ஒரே நேர்கோட்டில் போகும் சுரங்கப்பாதையில் இரண்டு டார்ச்சுக்கு நடுவே 26 பிளாக் வரை விடலாம். திறந்த மைதானத்தில் அது நடக்காது. நான்கு டார்ச்சின் நடுப்புள்ளிக்குப் போக இரு திசையிலும் நடக்க வேண்டியிருப்பதால், சதுரமாக 13ஆவது பிளாக்குக்கு ஒன்று நட வேண்டும். 12 என்று வைத்துக்கொண்டால் எண்ணும்போது தவறினாலும் பாதகமில்லை. மேடு பள்ளம் இருந்தால் உயரமும் அந்தக் கூட்டலில் சேரும்.

இப்போது கூரைக்கு வருவோம். வீட்டுக்குள் டார்ச் இருக்கும், வாசலில் இருக்கும், கூரைமேல் இருக்காது. வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம் கூரையைத் துளைத்து மேலே போகாது. நீங்கள் 24 பிளாக்குக்கு அப்பால் எங்காவது போய்த் திரும்பும் நேரம் போதும், மேலே ஆள் ஏறியிருக்கும். கூரையில் டார்ச் வைத்தால் அழகு கெடும் என்பவர்கள் அரை ஸ்லாபை (பாதி உயரமுள்ள பிளாக்கை) கீழ்ப்பாதியில் பதித்துக் கூரை போடுங்கள். கீழ்ப்பாதி ஸ்லாப், கண்ணாடி, இலை ஆகியவற்றின் மேல் எதிரி மாப் ஸ்பான் ஆகாது.

வெளிச்சத்துக்குக் கட்டுப்படாதவையும் உண்டு. ஸ்லைம், பத்தில் ஒரு சங்க் என்ற கணக்கில் சில சங்க்குகளில் ஒய் 40க்குக் கீழே எந்த வெளிச்சத்திலும் வரும்; டார்ச் நட்ட சுரங்கத்தில் பச்சையாகக் குதித்தால் அதுதான். சதுப்பு நிலத்தில் ஸ்லைம் நிலவைப் பார்த்து வரும்: பௌர்ணமியில் அதிகம், அமாவாசையில் கிடையாது. இடி மழையில் வானம் இருண்டு பகலிலேயே எதிரி மாப்கள் வரலாம். விளையாட்டு நாள் மூன்று தூங்காமல் இருந்தால் ஃபாண்டம் என்ற பறக்கும் எதிரி தலைக்கு மேல் வரும். படுத்துத் தூங்குங்கள், வேறு வழியில்லை.

படி 5: ஆடு மாடுகள்

எதிரி மாப்களின் விதி இங்கே செல்லாது. விலங்குகளில் பெரும்பாலானவை நிலம் முதன்முதலில் உருவாகும்போதே அதனுடன் சேர்ந்து வந்துவிடுகின்றன. அதன்பிறகு புதிதாக வருவது மிகக் குறைவு: 400 டிக்குக்கு ஒருமுறை, அதாவது 20 நொடிக்கு ஒருமுறைதான் முயற்சி நடக்கும், புல் பிளாக் வேண்டும், வெளிச்சம் 9க்குக் குறையக் கூடாது, உச்சவரம்பு 10 மட்டுமே. எதிரி மாப் போல இவை தூரம் போனால் மறைவதும் இல்லை. ஆக, நீங்கள் பட்டியில் அடைத்து வைத்திருக்கும் பன்னிரண்டு கோழிகளே அந்த 10ஐ நிரப்பிவிடும். வெளியே வெட்டிய மாட்டுக்குப் பதில் மாடு வராததற்கு உங்கள் கோழிகள்தான் காரணம்.

எனவே செய்ய வேண்டியது: எந்த விலங்காக இருந்தாலும் கடைசி இரண்டைக் கொல்லாதீர்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோதுமை, பன்றிக்குக் கேரட் அல்லது உருளைக்கிழங்கு, கோழிக்கு விதை. உணவைக் கையில் பிடித்தாலே பின்னால் வரும். வேலிக்குள் கூட்டிவந்து இரண்டுக்கும் ஊட்டுங்கள். குட்டி 20 நிமிடத்தில் வளர்ந்துவிடும், தாய் தந்தைக்கு 5 நிமிடம் கழித்து மறுபடி ஊட்டலாம். இப்படிப் பிறப்பதற்கு அந்த 10 தடையே இல்லை. பட்டியே போதாதவர்கள் இதுவரை போகாத திசையில் நடந்தால் புது நிலத்தில் புது மந்தை கிடைக்கும்.

இடையில் ஒன்று: கிரீப்பர் பிறந்ததே பன்றியிலிருந்துதான். விளையாட்டை உருவாக்கிய மார்க்குஸ் பெர்சன் பன்றியின் மாடலைச் செய்யும்போது நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டுவிட்டார். நின்றவாக்கில் வந்த அந்த உருவத்தைத் தூக்கிப் போடாமல் பச்சை அடித்து எதிரியாக்கினார்.

படி 6: ஸ்பானர் கிடைத்தால்

நிலவறையில் கூண்டுக்குள் சின்ன உருவம் சுழன்றுகொண்டிருக்கும் பெட்டிதான் ஸ்பானர். அதற்கு 24 பிளாக் விதியும் இல்லை, 70 வரம்பும் இல்லை. நீங்கள் 16 பிளாக்குக்குள் வந்தால் வேலை செய்யும், 10 முதல் 40 நொடிக்கு ஒருமுறை 4 வரை இறக்கப் பார்க்கும். மேலேயும் நான்கு பக்கமும் டார்ச் ஒட்டினால் அடங்கும். தயவுசெய்து உடைக்காதீர்கள். உடைத்தால் திரும்பக் கிடைக்காது, வைத்திருந்தால் ஆயுள் முழுக்க எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) தரும்.

படி 7: வானத்தில் ஒரு எளிய ஃபார்ம்

கடலுக்கு மேலே தூண் எழுப்பி ஒய் 200இல் நிற்க ஒரு சின்ன மேடை போடுங்கள். மேடைப் பக்கத்தில் ஹாப்பரும் (விழும் பொருளை உள்ளிழுக்கும் புனல்) அதற்குக் கீழே பெட்டியும். ஹாப்பருக்கு மேலே இரண்டுக்கு இரண்டு அகலத்தில் குழாய் ஒன்று, மாப் விழும் தூரம் சரியாக 22 பிளாக் வருமாறு.

ஏன் 22? விழும் தூரத்தில் முதல் 3 பிளாக்குக்கு அடி இல்லை; மீதி 19க்கு 19 புள்ளி போகும். ஸோம்பி, எலும்புக்கூடு, கிரீப்பர் மூன்றுக்கும் உயிர் 20. அரை இதயத்தோடு கீழே நிற்கும், வெறுங்கையால் ஓரிரு குத்து போதும். 23 ஆனால் தானாகவே செத்துவிடும், பொருள் கிடைக்கும், எக்ஸ்பி கிடைக்காது. சூனியக்காரிக்கு மட்டும் உயிர் 26, அதற்கு வாள் வேண்டும்.

குழாயின் உச்சியிலிருந்து நான்கு திசைக்கும் கால்வாய்: அகலம் 2, ஆழம் 2, நீளம் 8. தண்ணீர் ஊற்றிய பிளாக்கையும் சேர்த்து 8 பிளாக் ஓடும் என்பதால் இந்த நீளம். கோடியில் ஊற்றினால் குழாய் வாயில் சரியாக நின்றுவிடும். கால்வாய்களுக்கு நடுவே உள்ள நான்கு மூலைகளையும் கால்வாயின் மேல்விளிம்பு மட்டத்தில் தளமாக நிரப்புங்கள். கால்வாய் ஓரம் முழுக்க ட்ராப்டோர் (தரையில் பதிக்கும் கதவு) வைத்துத் திறந்துவிடுங்கள். மாப்கள் அதைத் தரை என்று நினைத்துக் கால் வைத்து விழும்.

சுவர் 2 பிளாக் உயரம், அதன்மேல் கூரை. அந்த உயரத்தில் என்டர்மேன் என்ற நெட்டை மாப்புக்கு இடமில்லை, அதற்கு 3 வேண்டும். சிலந்தி சுவரில் ஏறிக் குழாயை அடைக்கும் தொல்லை. தளத்தில் எந்த 3க்கு 3 சதுரத்தை எடுத்தாலும் அதில் ஒரு பிளாக் துருத்தி நிற்குமாறு வைத்துவிட்டால் சிலந்தி ஸ்பான் ஆக இடம் பற்றாது. கூரைமேல் டார்ச் மறக்க வேண்டாம், இல்லையென்றால் 70இல் பங்கு அங்கேயும் போகும்.

இப்போது மேடையில் நின்று அளந்து பாருங்கள். குழாய் 22, கால்வாய் ஆழம் 2. தளம் உங்கள் தலைக்கு மேலே 24ஐத் தாண்டியும், அதன் மூலைகள்கூட 32க்கு உள்ளேயும் இருக்கின்றன. ஸ்பான் ஆகும், ஆனது மறையாது. கீழே கடலோ 128க்கு அப்பால். எஃப்3இல் எம் ஏறத் தொடங்கும். ஏறி 70இல் நின்றுவிட்டால் மாப்கள் தளத்திலேயே தங்குகின்றன என்று பொருள், ட்ராப்டோரையும் தண்ணீரையும் பாருங்கள். எண் 0ஐ விட்டு அசையவே இல்லையென்றால் உள்ளே எங்கோ வெளிச்சம் கசிகிறது, அல்லது உலகம் பீஸ்ஃபுல் மோடில் (எதிரி மாப்களே வராத முறை) இருக்கிறது.

பெட்ராக் எடிஷன் ஆட்களுக்கு: அங்கே தரைமேல் வருபவைக்கும் குகையில் வருபவைக்கும் வரம்பு தனித்தனி, தூரங்களும் சிமுலேஷன் டிஸ்டன்ஸை (உங்களைச் சுற்றி எவ்வளவு தூரம் விளையாட்டு இயங்கும் என்ற அமைப்பு) பொறுத்து மாறும். மேலே உள்ள ஃபார்மை அளவு மாற்றாமல் அங்கே கட்டினால் ஏமாற்றமாக இருக்கும். பெட்ராக் என்று தலைப்பிலேயே போட்ட விளக்கத்தைத் தேடி அதன்படி கட்டுங்கள்.