குறுக்கெழுத்துப் புதிர்: எங்கே வழுக்குகிறோம்?

என் அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வார இதழின் குறுக்கெழுத்துப் பக்கம்தான். சமையல் முடித்து, அடுப்பைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். ஒரு நாள் முதல் குறிப்பே "எட்டுத்தொகை நூல்களில் ஒன்று (5)" என்று வந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. யோசிக்காமல் பேனாவால் அகநானூறு என்று எழுதிவிட்டார். அதே முதல் கட்டத்திலிருந்து கீழே இறங்கும் சொல்லுக்குக் குறிப்பு "வேங்கை (2)". அகரத்தில் தொடங்கும் ஈரெழுத்துச் சொல், வேங்கை என்று பொருள் தர வேண்டும். வேங்கை மரத்துக்கும் பெயராயிற்றே என்று அகராதியை எடுத்து அரைமணி நேரம் தேடினார். விடை புலி. மேலே இருக்க வேண்டியது புறநானூறு.

அத்தைக்கு அகநானூறும் தெரியும், புறநானூறும் தெரியும். தெரிந்த விடை சட்டென்று வந்து நின்றதால்தான் மற்ற விடைகள் கண்ணில் படவில்லை. நானும் பல ஆண்டுகளாகப் புதிர் போட்டுப் பார்க்கிறேன். தெரியாததால் விட்ட கட்டங்களைவிட, தெரிந்ததை அவசரமாக எழுதிக் கெடுத்த கட்டங்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒரு குறிப்பையே கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எட்டுத்தொகையில் ஐந்தெழுத்துப் பெயர் கொண்டவை எத்தனை? குறுந்தொகை, பரிபாடல், கலித்தொகை, அகநானூறு, புறநானூறு என்று ஐந்து. போதாததற்கு அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்று இன்னொரு பெயர், அதற்கும் ஐந்தெழுத்து. ஆக ஒரு குறிப்புக்கு ஆறு விடைகள். இதில் கடைசிக் கட்டத்தில் 'று' கிடைத்தாலும் அகமா புறமா என்று தெரியாது. 'கை' கிடைத்தால் மூன்று நூல்கள் போட்டிக்கு வரும். முதல் இரண்டு கட்டங்களில் ஒன்றாவது நிரம்பும்வரை கை வைக்கக் கூடாத குறிப்பு இது.

காப்பியத்திலும் இதே கதைதான். சிலப்பதிகாரம் எட்டு எழுத்து, சீவகசிந்தாமணியும் எட்டு எழுத்து. இரண்டும் சகரத்திலேயே தொடங்குகின்றன; ஒன்று குறில், மற்றது நெடில். மணிமேகலையும் வளையாபதியும் ஐந்தைந்து. கடையெழு வள்ளல்களில் பாரி, காரி, ஓரி, ஆய் நால்வருக்கும் இரண்டே எழுத்து, மூன்று பேருக்குக் கடைசி எழுத்து 'ரி'. அதனால் பட்டியலில் ஒன்றைக் கேட்கும் குறிப்பைப் பார்த்தால், நினைவுக்கு வந்த முதல் பெயரை எழுதாதீர்கள். கட்ட எண்ணிக்கைக்குப் பொருந்தும் எல்லாப் பெயர்களையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக இருக்கும் எழுத்துகளை மட்டும் கட்டத்தில் பென்சிலால் போடுங்கள். 'நானூறு' என்று மூன்று கட்டம் போட்டுவிட்டு முதல் இரண்டைக் காலியாக விடுவதில் ஒரு குறைவும் இல்லை.

அடுத்தது எண்ணிக்கை. தமிழ்ப் புதிரில் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. அந்த எழுத்து உயிராகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம், உயிர்மெய்யாகவும் இருக்கலாம். 'கொ' என்று எழுதும்போது மூன்று உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும் அது ஒரே கட்டம். புள்ளி வைத்த மெய்க்குத் தனிக் கட்டம் உண்டு. மாங்காய்க்கு நான்கு, கொய்யாவுக்கு மூன்று. ஆங்கிலப் புதிர் போட்டுப் பழகியவர்கள் தமிழுக்கு வரும்போது அசையாக எண்ணி மெய்யை விட்டுவிடுவார்கள். வாழ்க்கையில் ழகரமும் ககரமும் அடுத்தடுத்து மெய்யாக நிற்கின்றன: வா, ழ், க், கை. வாயால் சொல்லும்போது அந்த 'க்' காதில் விழாததால் மூன்றே எழுத்து என்று எண்ணிவிடுகிறோம். கூட்டுச் சொல்லில் நடுவே வரும் ஒற்றும் அப்படித்தான். தைப்பொங்கல் ஆறு எழுத்து. 'ப்' விட்டுப்போனால் ஐந்தாகி, சரியான விடையையே இது இல்லை என்று தள்ளிவிடுவோம்.

எழுத்து இலக்கணம் பள்ளியோடு முடிந்துவிட்டது என்று நினைப்பதும் ஒரு தவறுதான். ஆங்கிலக் கட்டத்தில் வர வாய்ப்புள்ள எழுத்துகள் 26. நம் கட்டத்துக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் நமக்குச் சாதகமானதும் இதுவே: குறுக்கே ஒரு எழுத்து சரியாக விழுந்துவிட்டால் அது ஆங்கில எழுத்தைவிடப் பல மடங்கு துப்புத் தருகிறது. 'மே' என்று கிடைத்தால் மகரம் மட்டுமில்லை, நெடில் ஏகாரமும் கையில் இருக்கிறது.

அதோடு மொழிமுதல், மொழியிறுதி விதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ஆகவே எண் போட்ட கட்டத்தில், அதாவது ஒரு சொல் தொடங்கும் கட்டத்தில், குறுக்கே வந்த விடையின் மெய் விழுந்தால் அந்த விடை தவறு. யோசிக்கவே வேண்டாம், அழித்துவிடலாம். அதுபோல க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. ஆகஸ்ட் போன்ற பிறமொழிச் சொல்லில் மட்டும் இது தளரும். இந்த இரண்டு விதிகள் எனக்கு மிச்சப்படுத்திய அழிரப்பர் கொஞ்சமில்லை.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். பவளமும் சரி, பவழமும் சரி. கோவிலும் சரி, கோயிலும் சரி. ஔவையார் என்றால் நான்கு கட்டம், அவ்வையார் என்றால் ஐந்து. பௌர்ணமி நான்கு, பவுர்ணமி ஐந்து. காபி இரண்டு, காப்பி மூன்று. நாம் எழுதிப் பழகிய வடிவமே சரி என்று பிடிவாதம் பிடித்தால் புதிர் நின்றுவிடும். கட்டம் ஒன்று கூடுகிறது அல்லது குறைகிறது என்றால் சொல்லை மாற்றும் முன் வடிவத்தை மாற்றிப் பாருங்கள். எண்ணிக்கை மாறாத வடிவங்கள்தான் ஆபத்து. பவளம், பவழம் இரண்டுக்கும் நான்கு கட்டம். அந்த மூன்றாவது கட்டத்தை மட்டும் காலியாக விட்டுக் கீழே வரும் சொல்லிடம் முடிவை விடுங்கள்.

குறிப்பின் இலக்கணத்தைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்ப்பது இன்னொன்று. குறிப்பு பன்மையில் இருந்தால் விடையும் பன்மை. வினையெச்சமாக இருந்தால் விடையும் வினையெச்சம். 'யானை' என்று பொதுவாகக் கேட்டால் வேழம், கரி, வாரணம் எது வேண்டுமானாலும் வரலாம். 'ஆண் யானை' என்றால் களிறு, 'பெண் யானை' என்றால் பிடி. நுணுக்கமான ஆசிரியர் ஒரு அடைமொழியைச் சும்மா போட மாட்டார். 'கொடு (1)' என்ற குறிப்பைப் பாருங்கள். ஈ, தா இரண்டும் பொருந்தும். தொல்காப்பியம் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது: தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்பது ஈ, ஒத்தவனிடம் கேட்பது தா, உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்பது கொடு. குறிப்பில் 'நண்பனிடம் கேள்' என்று ஒரு சொல் கூடியிருந்தால் விடை தா தான்.

இந்த ஓரெழுத்துச் சொற்களை அலட்சியப்படுத்தாதீர்கள். நன்னூல் இப்படி 42 சொற்களைக் கணக்கிடுகிறது. ஆ என்றால் பசு, கா என்றால் சோலை, கோ என்றால் அரசன், சே என்றால் எருது, ஏ என்றால் அம்பு. விடையை நேராகக் கேட்காமல் சொல்லுக்குள் ஒளித்துத் தரும் சங்கேதக் குறிப்புகளால் அமைந்த புதிர்களுக்கு இவைதான் செங்கல்.

அந்த வகைப் புதிரில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: குறிப்பைக் கதையாகப் படிப்பது. நானே அமைத்த ஒன்றைச் சொல்கிறேன். "மலை தொடங்கும் இடத்தில் வெள்ளைக்கார அதிகாரி, வைகைக் கரை ஊர் (3)." கதையாகப் படித்தால் மனம் கொடைக்கானலுக்கும் போடிக்கும் போய்விடும். சொல் சொல்லாகப் பிரியுங்கள். மலை தொடங்கும் இடம் 'ம'. வெள்ளைக்கார அதிகாரி 'துரை'. சேர்த்தால் மதுரை. "கொடு, மான் சேர்ந்த மலர் (3)" என்றால் தா, மரை சேர்ந்து தாமரை. மரை என்பது மானில் ஒரு வகை. "அரசனின் ஆயுதம் இருக்கும் வழிபாட்டிடம் (3)" என்றால் கோ, வில். இங்கே கோயில் என்று எழுதினால் தவறு, ஏனென்றால் குறிப்பே வில்லைத் தந்துவிட்டது. இவ்வகைக் குறிப்பில் விடையின் நேர்ப்பொருள் பெரும்பாலும் தொடக்கத்திலோ முடிவிலோ ஒளிந்திருக்கும். மீதி எல்லாம் சொல்லைக் கட்டும் வழி. குறிப்பில் ஏதாவது ஒரு சொல்லுக்கு வேலை இல்லாமல் போனால் உங்கள் விடை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

'கலைந்துள்ளது', 'குழம்பிய' போன்ற சொற்களில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. வார இதழ்களின் எளிய புதிரில் "பாவிகள் போகுமிடம், கலைந்துள்ளது (4)" என்று வந்தால் விடை நரகம். ஆனால் கட்டத்தில் அதன் எழுத்துகளை வரிசை மாற்றித்தான் எழுத வேண்டும். எந்த வரிசை என்பதைக் குறுக்கே வரும் சொற்கள் சொல்லும். சங்கேதப் புதிரில் "குழம்பிய நகரம் பாவிகள் போகுமிடம் (4)" என்று வரும். அங்கே நகரம் என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்து நரகத்தைக் கண்டுபிடித்து நேராக எழுத வேண்டும். ஒன்றின் விதியை மற்றதில் போட்டால் பக்கமே கெட்டுப்போகும். கலைக்கும்போது எழுத்தை முழுசாகத்தான் நகர்த்த வேண்டும். காலையைக் கலைத்தால் லை, கா என்று வருமே தவிர, 'கா'வின் துணைக்காலைக் கழற்றிவிட்டுக் 'கலை' ஆக்க முடியாது.

திசையையும் பாருங்கள். நம் இதழ்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமின்றி வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் தலைப்புகள் இருக்கும். அந்தத் தலைப்பைத் தாண்டிவிட்டு எழுதியதால் சரியான விடை தலைகீழாக விழுந்து, சுற்றியிருக்கும் நாலு சொல்லையும் கெடுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பொது அறிவு. இங்கே காலம் ஒரு எழுத்தை மாற்றிவிடும். பழைய புதிர்த் தொகுப்பில் 'இந்தியாவின் இளைய மாநிலம் (6)' என்று இருந்தால் ஜார்க்கண்ட் என்பது அன்றைய சரியான விடை. 2000 நவம்பரில் பிறந்த மாநிலம் அது. 2014-க்குப் பின் வந்த புதிரில் இதே கேள்விக்குத் தெலங்கானா, ஐந்து எழுத்து. அதைத் தெலுங்கானா என்று எழுதுவோரும் உண்டு, அதற்கும் ஐந்து, இரண்டாவது கட்டம் மட்டும் வேறு. கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானா என்று இருந்து, 2019-இல் நூர்சுல்தான் ஆகி, 2022-இல் மறுபடி அஸ்தானா ஆனது. புதிர் எந்த ஆண்டில் அச்சானது என்று பார்க்காமல் பொது அறிவுக் குறிப்புக்கு விடை எழுதாதீர்கள்.

எல்லாரும் சொல்வதால் உண்மையாகிவிட்ட விடைகளும் உண்டு. ஆஸ்திரேலியத் தலைநகர் சிட்னி இல்லை, கான்பெரா. துருக்கிக்கு இஸ்தான்புல் இல்லை, அங்காரா. வள்ளல்களில் கொல்லிமலை ஓரிக்கு உரியது. ஆனால் ஓரியைப் போரில் கொன்றவன் காரி. இருவர் குதிரைகளுக்கும் அவரவர் பெயரே என்பதைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. காரியின் குதிரை காரி, ஓரியின் குதிரை ஓரி. 'கொல்லியை ஆண்டவன் (2)' என்ற குறிப்புக்குக் காரி என்று எழுதி நிற்பவர்கள் மலையையும் போரையும் ஒன்றாக நினைவில் வைத்தவர்கள்.

ஒரு விடை தெரியவில்லை என்றதும் போனை எடுத்துத் தேடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதலில் ஒரு சுற்று, நிச்சயமானவை மட்டும். இரண்டாவது சுற்று, குறுக்கே எழுத்து கிடைத்தவை. நடுவில் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் அதுவரை மூடிக்கிடந்த குறிப்பு திறப்பதும் நடக்கும். மூன்றாவது சுற்றிலும் நகரவில்லை என்றால் தேடுங்கள். தேடியதைக் குறித்துவையுங்கள், அடுத்த மாதம் அதே சொல் வேறு குறிப்போடு வரும்.

எல்லாம் பார்த்தும் ஒரு மூலை பொருந்தவே இல்லை என்றால் புதிரே தவறாக இருக்கலாம். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிருக்கு 'வேர்ட்-கிராஸ்' என்றுதான் பெயர். சில வாரங்களில் அச்சில் சொற்கள் இடம் மாறி 'கிராஸ்-வேர்ட்' ஆகி, அதுவே நிலைத்துவிட்டது. பெயரிலேயே அச்சுப்பிழை நடந்த விளையாட்டு இது. கட்டத்தின் எண்ணிக்கை அடைப்புக்குறி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று எண்ணுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் நீங்கள் எழுதியதை அழிக்காமல் வைத்து, அடுத்த இதழில் வரும் விடைக் கட்டத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அத்தை அந்தப் பக்கத்தைக் கிழித்து அகராதிக்குள் வைத்துக்கொள்வார், வாரம் முழுக்க.