கேட்டலினா கோபி மீனுக்குக் குளிர்நீர்த் தொட்டி அமைப்பது எப்படி?

செம்பவள நிற உடம்பு, அதில் பளிச்சென்ற நீலப் பட்டைகள். கேட்டலினா கோபி அதிகம் போனால் 6 செ.மீ. வளரும். இந்த நிறத்தைப் பார்த்து வெப்பமண்டல மீன் என்று நம்பி, 26 டிகிரி தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் அதன் ஆயுள் பாதியிலேயே முடிந்துவிடும். இது கலிஃபோர்னியாவின் மத்தியக் கரையிலிருந்து மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடா வரை உள்ள பாறைக் கடலில் வாழும் மீன். தனித் தொட்டி போட முடியாதென்றால் வாங்காமல் இருப்பதே மேல்.

படி 1: சில்லர்

தண்ணீரைக் குளிர்விக்கும் கருவிதான் சில்லர். மீனுக்கு முன் இதை வாங்குங்கள். தண்ணீர் 16 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மின்விசிறி போதும் என்பார்கள். விசிறி சில டிகிரி குறைக்கும், அவ்வளவுதான். அறை சூடானால் தண்ணீரும் கூடவே சூடாகும். சில்லரில் கஞ்சத்தனம் வேண்டாம், தேவைக்கு ஒரு அளவு பெரியதாகவே எடுங்கள். குளிர்ந்த கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்துக் கொட்டும். தடித்த அக்ரிலிக் தொட்டியில் இந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் தொட்டிக்கு அடியில் பிளக் பாயின்ட் இருக்கக் கூடாது.

படி 2: தண்ணீர்

நாலைந்து மீன்களுக்கு 60 லிட்டர் போதும். இது கடல் மீன், உப்புநீர் வேண்டும்; அதன் ஒப்படர்த்தி (நன்னீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) 1.025. கழிவை மாற்றும் பாக்டீரியா குளிரில் மெதுவாகவே பெருகும். அதனால் முதலில் மீன் இல்லாமல் அறை வெப்பத்தில் தொட்டியை ஓட்டுங்கள். கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகு சில்லரைப் போட்டு மெல்ல இறக்குங்கள். அப்புறம் இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள்.

படி 3: பாறை

கடலில் இது பாறை மேல் உட்கார்ந்திருக்கும். ஆபத்தென்றால் இடுக்கிலோ கடல் முள்ளெலியின் முட்களுக்கு நடுவிலோ பதுங்கும். எனவே நிறைய இடுக்குகள் வையுங்கள், காலிச் சிப்பிகளும் போடுங்கள். பம்ப் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் கட்டாயம், இல்லையென்றால் சின்ன மீன் உள்ளே இழுபடும்.

படி 4: மீன்

கடைத் தொட்டியின் வெப்பநிலையைக் கேளுங்கள். அது சூடாக இருந்தால் உங்கள் தொட்டியையும் அதே அளவில் வைத்து மீனை விட்டு, சில நாட்களில் படிப்படியாகக் குளிர்வியுங்கள். இயற்கையிலேயே இதன் ஆயுள் இரண்டு ஆண்டுக்கும் குறைவு. முழு வளர்ச்சி அடைந்ததை வாங்கினால் பாதி ஆயுளை அது ஏற்கெனவே கழித்திருக்கும். சின்னதாகப் பார்த்து எடுங்கள். பெரிய மீன்களோடு விட்டால் இது இரையாகிவிடும்.

படி 5: உணவு

உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சின்ன உயிரி), பிரைன் இறால் (உப்புநீரில் வளரும் குட்டி உயிரி). கரைத்து, பொடியாக்கி, தினம் இரண்டு வேளை.

கூட்டமாக வளர்த்தால் ஒரு வேடிக்கை காணலாம். ஆண் மீன் இல்லாமல் போனால் கூட்டத்தில் ஆதிக்கம் செலுத்தும் பெண் ஆணாக மாறிவிடும்; சூழ்நிலை மாறினால் ஆண் மறுபடி பெண்ணாவதும் உண்டு. முட்டைகளைக் காவல் காப்பது ஆண்தான். ஒரு மீன் சிப்பியை விட்டு நகராமல் இருந்தால் முட்டை இருக்கலாம். அந்த நாட்களில் பாறையை நகர்த்தாதீர்கள், உள்ளே டார்ச் அடித்தும் பார்க்காதீர்கள்.