பார்மத் போகிறீர்களா? எந்தப் பெட்டியில் ஏறினீர்கள்?

போன மாதம் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு பார்மத் கிளம்பினார். சாயங்காலம் போன் வந்தது. "அபெரிஸ்ட்வித்ல நிக்கிறோம்" என்றார். அது வேறு ஊர். பல வருடங்களுக்கு முன்னால் அதே பிளாட்பாரத்தில் நானும் சூட்கேஸோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வேல்ஸின் மேற்குக் கரையில், மவ்தக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர் பார்மத். ஊர்க்காரர்கள் 'பெர்மோ' என்பார்கள். குடை, ஸ்வெட்டர் எல்லாம் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள். இங்கே வருகிறவர்கள் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

தப்பான பெட்டி

பர்மிங்ஹாமிலிருந்து ஷ்ரூஸ்பரி வழியாக வரும் ரயில் மகன்லெத்தில் பெரும்பாலும் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அபெரிஸ்ட்வித் போகும். இன்னொரு பாதி கடலோரமாக வடக்கே புல்ஹெலி போகும். பார்மத் இந்த இரண்டாவது வழியில் இருக்கிறது. ஏறும்போது ஒரே ரயிலாகத்தான் தெரியும். இடம் கிடைத்த பெட்டியில் உட்கார்ந்துவிடுவோம்.

நான் உட்கார்ந்ததோடு நிற்கவில்லை, தூங்கியும் போனேன். எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. காதில் பாட்டு. விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. ஆஹா, வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். அது போர்த் என்ற வேறு ஊரின் கடல். திரும்பிப் போக அன்றைக்கு வண்டி இல்லை. பார்மத்தில் கட்டிய அறைக்காசு போனது, அபெரிஸ்ட்வித்தில் இன்னொரு அறைக்காசு. காசைக்கூட மறந்துவிடலாம். அன்று மாலை வானம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மறுநாள் பார்மத்தில் இறங்கியபோது மலையே தெரியாத அளவுக்கு மேகம். அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

ஆகவே, ஏறும் முன் பெட்டியின் பலகையில் புல்ஹெலி என்று இருக்கிறதா பாருங்கள். சந்தேகமா, மகன்லெத்திலேயே இறங்கிக் கேளுங்கள். "அடுத்த டவி ஜங்ஷனில் மாறிக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். பாதைகள் பிரிவது அங்கேதான் என்றாலும், சதுப்பு நிலத்தின் நடுவே நிற்கும் அந்த ஸ்டேஷனுக்குக் கார் வரும் சாலைகூடக் கிடையாது. இந்தப் பக்கம் வண்டிகளும் அடிக்கடி வராது, இரண்டு மணி நேரம் காத்திருப்பது சாதாரணம்.

சரியான பெட்டி கிடைத்தால் இடது பக்கம் உட்காருங்கள். ஃபேர்போர்னுக்கு முன்னால் செங்குத்துப் பாறையின் விளிம்பில் வண்டி ஊர்ந்து போகும். கீழே நேராகக் கடல்.

பாலத்தைப் பாதியில் விடுவது

மவ்தக் ஆறு கடலில் சேரும் இடத்தைக் கடக்க 1867இல் திறந்த மரப்பாலம். ரயில் ஓடும், பக்கத்திலேயே நடைபாதையும் உண்டு. 1980இல் கடல் புழு மரத்தைத் தின்று பாலமே போய்விடும் என்ற நிலை வந்து, எப்படியோ பிழைத்தது. நடுவில் செல்ஃபி எடுத்துத் திரும்புகிறார்கள். மறுகரை வரை போய்த் திரும்பிப் பாருங்கள். ஊர் மொத்தமும் பாறையில் அடுக்கி வைத்த மாதிரி தெரியும். வரும்போது ரயில் வேண்டுமென்றால் அங்கே மோர்வா மவ்தக் என்ற ஸ்டேஷன் இருக்கிறது. கை காட்டினால்தான் வண்டி நிற்கும்.

கண்ணுக்குத் தெரிகிறதே என்று காடேர் இத்ரிஸ் கிளம்புவது

893 மீட்டர் உயர மலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். உச்சியில் இரவு தூங்கினால் பைத்தியமாகவோ கவிஞராகவோ எழுந்திருப்பீர்கள் என்று ஒரு கதை உண்டு. இரண்டுக்கும் அதிக வித்தியாசமில்லை என்பாள் என் மனைவி.

அரை நாள்தான் இருக்கிறதா? கடைத்தெருவுக்குப் பின்னால் வீடுகளுக்கு நடுவே ஏறும் படிகளைப் பிடித்து தினாஸ் ஒலெய் குன்றுக்குப் போங்கள். ஃபேனி டால்பட் என்ற அம்மையார் 1895இல், பழைய இடங்களையும் இயற்கையையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்த இடம். அந்த அமைப்புக்குக் கிடைத்த முதல் சொத்தே இதுதான். மூச்சு வாங்கும். மேலே போனால் கடல், பாலம், மலை மூன்றும் ஒரே பார்வையில்.

தண்ணீர் வற்றியதும் மணலில் குறுக்கே நடப்பது

கூடாது. ஆற்று முகத்துவாரத்தில் கடல் மறுபடி ஏறும்போது தண்ணீர் பின்பக்கமாகச் சுற்றி வரும்.

ஆகஸ்ட் சனிக்கிழமை

அமைதியான ஊர் என்று யார் சொன்னது என்று என்னைத் திட்டுவீர்கள். மே மாத செவ்வாய், புதன் பாருங்கள்.