மதுரைப் பழைய ஊரை நடந்தே பார்ப்பது எப்படி

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு எங்கள் வீட்டில் எனக்குத்தான் வரும். முதல் சில தடவை நானும் எல்லாரையும் போல நிதானமாகச் சாப்பிட்டு, பதினோரு மணிக்கு மீனாட்சி அம்மன் கோயில் வாசலுக்குக் கூட்டிப் போனேன். வரிசையில் நகர்ந்து உள்ளே போகும்போதே பன்னிரண்டரைக்கு நடை சாத்தப் போகிறார்கள் என்று விரட்டல் ஆரம்பித்துவிடும். அம்மனையும் சரியாகப் பார்க்காமல், ஒரு தூணைக்கூட நின்று பார்க்காமல், வெயிலில் சுடும் கல்லில் பிள்ளைகள் குதித்துக்கொண்டு வெளியே வந்ததுதான் மிச்சம். அதற்கப்புறம்தான் நேரத்தையும் வழியையும் மாற்றினேன்.

வழியைப் பொறுத்தவரை, மாதப் பெயர்கள் தெரிந்தால் போதும், இந்த ஊரில் தொலைய மாட்டீர்கள். கோயில் மதிலுக்குள்ளே இருப்பது ஆடி வீதிகள், மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள், அதற்கடுத்து ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். எல்லாமே கோயிலை நடுவில் வைத்த சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நாலு பக்கம். சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஏன் ஓடுகிறது என்று என் அத்தை மகன் ஒருமுறை கேட்டான், நல்ல கேள்வி. முன்பு மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது, திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்தார், தேர் மட்டும் பழைய வீதியை விடவில்லை என்று இங்கே சொல்வார்கள்.

சரி, நேரத்துக்கு வருவோம். கோயிலுக்குக் காலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள். கைப்பேசி, கேமரா இரண்டுக்கும் உள்ளே அனுமதி கிடையாது, அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் பெட்டகத்துக்கும் டோக்கனுக்கும் நிற்க வேண்டாம். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை வேண்டாம், வேட்டி, சேலை, சுடிதார், முழுக்கால் சட்டை எதுவானாலும் சரி. கிழக்கே அம்மன் சன்னதி வழியாக அஷ்டசக்தி மண்டபத்தில் நுழையுங்கள், மதுரையில் அம்மனுக்குத்தான் முதல் மரியாதை. கிளிக்கூட்டு மண்டபத்துக்குப் போகும் முன்னால் பொற்றாமரைக் குளத்துப் படியில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அந்த நேரத்து வெளிச்சத்தில் தெற்குக் கோபுரம் தெரிகிற அழகை வேறு எந்த நேரத்திலும் பார்க்க முடியாது. பதினான்கு கோபுரத்தில் உயரமானது அதுதான், நூற்றெழுபது அடி அளவில் இருக்கும்.

அம்மனைப் பார்த்துவிட்டுச் சுவாமி சன்னதிக்குப் போகும் வழியில் முக்குறுணி விநாயகர். இவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் இவர் கதை மறுபடி வரும். கம்பத்தடி மண்டபத்தில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். பெருமாள் தாரை வார்த்துக் கொடுக்க மீனாட்சி வெட்கத்தோடு நிற்கும் கல்யாணச் சிற்பம் ஒரு தூணில் இருக்கிறது, மூன்று பேர் முகத்திலும் மூன்று விதமான உணர்ச்சி. எதிரே ஊர்த்துவ தாண்டவரும் காளியும். முன்பு இவர்கள் மேல் வெண்ணெய் உருண்டை எறிவார்கள், என் சிறுவயதில் பாட்டி உருண்டையை என் கையில் கொடுத்து எறியச் சொன்னது நினைவிருக்கிறது. ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தனி டிக்கெட், வாங்கிவிடுங்கள். 1569இல் அரியநாத முதலியார் கட்டியது, வாசலில் குதிரை மேல் இருப்பவர் அவர்தான். எண்ணினால் 985 தூண்கள்தான் வரும்.

1939 ஜூலை 8ஆம் தேதி விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் இந்தக் கோயிலுக்குள் முதல்முறையாக நுழைந்தார்கள். கூடப் போனவர்களில் கக்கனும் ஒருவர். கூட வரும் பிள்ளைகளுக்குச் சாமி கதைகளோடு இதையும் சொல்லுங்கள், நான் தவறாமல் சொல்கிறேன்.

எட்டரைக்கு வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு, கிழக்குப் பக்கமே நடங்கள். அம்மன் சன்னதித் தெருவில் போனால் விட்டவாசல் வரும். பாண்டியர் காலத்துக் கோட்டையில் இடிக்காமல் விட்ட ஒரே வாசல், அதனாலேயே அந்தப் பேர். ஆட்டோவில் அதற்கடியில் போகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அப்புறம் புதுமண்டபம், அதற்குக் கிழக்கே எழுகடல் தெருவில் ராயகோபுரம். திருமலை நாயக்கர் ஆரம்பித்து முடிக்காமல் போன கோபுரம், அடிப்பகுதி மட்டும் கடைகளுக்கு நடுவில் நிற்கிறது. அந்த நிலைக்கல் அருகில் நின்று அண்ணாந்து பாருங்கள், கட்டி முடித்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்பது அப்போதுதான் புரியும்.

அங்கிருந்து தெற்கே விளக்குத்தூண். பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக நட்டது. நாயக்கர் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரித்தது அவர் காலத்தில்தான், 1840களை ஒட்டி. அந்த வேலையில் இருந்த இரண்டு பேரின் பெயர் இன்றும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று நிற்கிறது. பக்கத்திலேயே பத்துத்தூண் சந்து. ஜவுளிக் கடைகளுக்கு இடையில் திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சமாகப் பத்துப் பெரிய தூண்கள், மேலே கூரை இல்லாமல். மகாலுக்குப் போகும் முன்னால் இதைப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் இன்று மகால் என்று நாம் பார்ப்பது முழு அரண்மனையில் ஒரு பகுதிதான் என்பது இங்கே கண்ணால் தெரியும்.

மகால் ஒன்பது மணிக்குத் திறக்கும். 1636இல் கட்டியது. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது பல பகுதிகளைப் பெயர்த்துக்கொண்டு போனார், மிச்சமிருந்ததைப் பழுது பார்க்க வைத்தவர் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர். உள்ளே நுழைந்ததும் கூட்டம் நேராக அரியணைப் பக்கம் போகும். நீங்கள் வெளி முற்றத்தின் நடுவில் நின்று ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பாருங்கள், பிறகு தூண் பக்கம் போங்கள். அந்தத் தூண்களில் சாவியாலும் ஆணியாலும் கீறிய பெயர்களையும் பார்ப்பீர்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். கூட வரும் யாராவது கையைக் கொண்டுபோனால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

மதியம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம், தூங்குங்கள். நாலரைக்குப் பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டிய கூடலழகர் கோயில், பெருமாள் இருந்தும் நின்றும் கிடந்தும் மூன்று தளத்தில் இருக்கிறார். மாடிப்படி திறந்திருந்தால் விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் மேலமாசி வீதி, காந்தி 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறிய வீடு. இப்போது கீழே கதர்க்கடை. ஒரு துண்டாவது வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645இல் வெட்டியது, மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்று சொல்வார்கள். அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் காலையில் பார்த்த முக்குறுணி விநாயகர். தைப்பூசத்தன்று வந்தால் தெப்பம் பார்க்கலாம், மற்ற நாளில் கரையில் உட்கார்ந்து பருத்திப்பால் குடிக்கலாம்.

இன்னொரு காலை கையில் இருந்தால் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். ஆறரைக்கு அடிவாரத்தில் இருந்தால் நல்லது, ஒன்பதுக்கு மேல் பாறை சூடேறிவிடும், மேலே தண்ணீர் கிடைக்காது. தாமரைக் குளமும் கருப்பசாமி கோயிலும் ஆலமரமும் இருக்கிற இடத்திலிருந்து பாறையில் வெட்டிய படி ஏறுகிறது. ஏறினால் பேச்சிப்பள்ளம், பாறையில் வரிசையாகச் சமண ஆசான்களான தீர்த்தங்கரர்கள். உருவங்களின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செய்வித்தவர் பெயர் இருக்கிறது, ஆயிரம் வருடத்துக்கு மேலான எழுத்து. அதில் ஒன்று அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. மகன் துறவி, அம்மா பேர் கல்லில். கொஞ்சம் சாய்வான வெயில் பட்டால்தான் எழுத்து தெரியும், அதற்காகவே சீக்கிரம் போகச் சொல்கிறேன். விரலால் தேய்த்துப் பார்க்காதீர்கள், மாவோ சுண்ணாம்போ தடவாதீர்கள். கீழே இறங்கி மலையின் தென்மேற்குப் பக்கம் சுற்றி வந்தால் செட்டிப்புடவு. குகைக்குள் குனிந்து போய் மேலே பாருங்கள், சிங்கத்தின் மேல் ஏறி யானையோடு சண்டை போடும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வம் அங்கே இருக்கிறாள்.