கடலடி எண்ணெய், எரிவாயு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைப் பக்கமிருந்து டிப்ளமோ, பி.இ. முடித்துக் கடல் ரிக் வேலைக்குப் போகிற பிள்ளைகள் முதலில் மறக்க வேண்டியது, 'பூமிக்கடியில் எண்ணெய் ஏரி' என்ற படத்தை. காய்ந்த தாமிரபரணி மணலை ஒரு டம்ளரில் விளிம்புவரை நிரப்பி, மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். டம்ளர் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு போல உள்ளே இறங்கும். எண்ணெய் இருப்பது அந்த இடுக்கில்தான். ஆழத்தில் மணல் அழுந்திப் பாறையாகும்போது, நல்ல எண்ணெய் வயலிலும் இடுக்கு 15–25 சதவீதம்தான் மிஞ்சும்.

கருங்கல் வந்தால் கதை முடிந்தது என்பதும் தவறு. ராதாபுரம் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், இறுகிய கல்லிலும் வெடிப்பு வழியே ஊற்று வரும். காவிரிப் படுகைக் கடலில் பிஒய்-1 வயலின் எரிவாயு, வெடிப்புள்ள கிரானைட்டில் இருக்கிறது. வியட்நாமின் பாக் ஹோ வயலில் எண்ணெயும் அப்படித்தான். அந்தக் கருங்கல், எண்ணெயைப் பிறப்பிக்காது. பக்கத்துக் களிப்பாறையில் உருவானது வெடிப்புக்குள் வந்து தங்குகிறது.

அதிகம் பேர் சறுக்குவது நில அதிர்வுப் படத்தில், அதாவது ஒலியைக் கீழே அனுப்பி, படலங்களில் பட்டு வரும் எதிரொலியை வைத்து வரைகிற படத்தில். அதன் செங்குத்து அளவு மீட்டர் அல்ல, ஒலி போய்த் திரும்பும் நேரம். மன்னார் வளைகுடா போலக் கடல்தரை சரிந்து இறங்கும் இடத்தில் இது பெரிதாக ஏமாற்றும். ஒரு படலம் இரண்டு இடத்திலும் 3 விநாடியில், படத்தில் நேர்கோடாகத் தெரிகிறது என்று வையுங்கள். தண்ணீரில் ஒலி வேகம் விநாடிக்கு 1,500 மீட்டர். கீழுள்ள படிவில் 2,500. போய்த் திரும்பும் நேரம் என்பதால் பாதி நேரத்தைத்தான் பெருக்க வேண்டும். முதல் இடத்தில் 1 விநாடி தண்ணீர்: 750 + 2,500 = 3,250 மீட்டர். அடுத்த இடத்தில் 1.2 விநாடி தண்ணீர்: 900 + 2,250 = 3,150 மீட்டர். படத்தில் சமம், நிஜத்தில் 100 மீட்டர் மேடு. எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதந்து மேட்டில்தான் சேரும். மேடு எது என்று தெரியாமல் கிணறு போட்டால் எண்ணெய்க்குப் பதில் உப்புத்தண்ணீர்தான் வரும். ஆழமாக மாற்றாமல் கிணற்றிடம் குறிக்காதீர்கள்.

அளவுக் கணக்கில் ஒரு உதாரணம்: 10 சதுர கி.மீ. பரப்பு, 20 மீட்டர் தடிமன், 20% இடுக்கு, அதில் 70% எண்ணெய். பெருக்கினால் 2.8 கோடி கன மீட்டர். பலரும் இங்கேயே நின்றுவிடுவார்கள். மேலே வரும்போது கரைந்திருந்த வாயு பிரிந்து எண்ணெய் சுருங்கும், 1.3 ஆல் வகுத்தால் சுமார் 2.15 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 13.5 கோடி பீப்பாய். எடுக்க முடிவது 35% என்று கொண்டாலும் 4.7 கோடிதான். ஒரே கிணற்றை நம்பிப் பரப்பை விரித்து வரைவது இன்னும் மோசம். விளிம்பிலும் கிணறு போட்டுப் பார்த்தே தளமேடைக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

உயிர் போகிற தவறு, சோதனை எண்ணுக்குச் சமாதானம் சொல்வது. 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா, மகோண்டோ கிணறு. கிணற்றை அழுத்தி அடக்கி வைக்கும் கனமான துளைச்சேற்றின் அழுத்தத்தைக் குறைத்து, சிமெண்ட் தாங்குகிறதா என்று சோதித்தார்கள். துளைக்குழாயில் 1,400 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு) அழுத்தம் நின்றது. கிணற்றுக்குள் போகும் இன்னொரு மெல்லிய குழாயான கில் லைனில் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே கிணற்றில் திறக்கிறவை, எண்கள் ஒத்துப்போயாக வேண்டும். குழாயிலிருந்த அழுத்தத்துக்கு ஒரு காரணம் கற்பித்துச் சோதனை தேறியதாக ஏற்றுக்கொண்டார்கள். அன்றிரவு வெடிப்பில் 11 பேர் இறந்தார்கள். எண்கள் முரண்பட்டால் சேற்றை வெளியே எடுக்காதீர்கள். கில் லைன் அடைத்திருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். குழாயிலும் லைனிலும் அழுத்தம் பூஜ்யமாக நின்ற பிறகே அடுத்த வேலை.